வரப்பு தாண்டிய அறுப்பு

ஆரம்பாக்கத்துச் சுப்பிரமணி நெல் வியாபாரிகளுக்குச் சுப்பிரமணி, ஹாக்கி மட்டை பிடித்த பிள்ளைகளுக்கு மாஸ்டர். நன்றாக விளைகிற நிலத்தில் ஒரு துண்டை விதைக்காமல் விட்டு, உருளை போட்டு இறுக்கி மைதானமாக்கிய அந்த மனிதரை ஊர் வேறு என்னவெல்லாமோ சொன்னது. அதையெல்லாம் எழுதினால் நன்றாக இருக்காது.

அவரிடம் ஒரு வழக்கம். விளையாட வந்தது பையனோ பெண்ணோ, எடுத்த எடுப்பில் மட்டை கிடையாது. களை எடுக்கணும், நாற்று நடணும், தை பிறந்தால் அறுக்கணும். "குனியத் தெரியாதவனுக்கு ஹாக்கி இன்னாத்துக்குடா?" என்று வரப்பில் நின்று கத்துவார். மட்டையைக் காட்டிக் கூலி இல்லாமல் வேலை வாங்குகிறான் மனுஷன் என்று பெற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் மகள் ஈஸ்வரிக்கே அந்தச் சந்தேகம் உண்டு. பள்ளியில் படித்த காலத்தில் தோழிகள் கேலி பேசும்போதெல்லாம் அவளை வெட்கம் பிடுங்கித் தின்னும்.

கார்த்திகையில் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி, ஆட்டோ, ஆஸ்பத்திரி வாசல், அவ்வளவுதான். அவர் நட்டுவிட்டுப் போன நெல் தையில் முற்றித் தலைசாய்ந்தபோது அறுப்பு ஈஸ்வரி தலையில் விழுந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவளுக்கு வயலைப் பற்றி என்ன தெரியும்? காலம் தப்பி மழை வரப்போவதாகச் செய்தியில் சொன்னார்கள். நிலம் இன்னும் காயவில்லை, அறுப்பு மெஷின் இறங்கினால் புதைந்துவிடும். கையால் அறுக்க ஆள் தேடினால், ஊரில் தெம்புள்ளவர்கள் அத்தனை பேரும் கம்பெனி பஸ்ஸில் இருந்தார்கள்.

"உங்க நைனா கடைசியா நட்டதும்மா. அதுவும் தண்ணில போயிட்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்று அம்மா கங்கம்மா சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஈஸ்வரி கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு விமலுக்குப் போன் போட்டாள். மாஸ்டரின் பழைய கோல்கீப்பர், இப்போது காக்களூரில் லேத் ஓட்டுகிறான்.

"இதெல்லாம் கேக்கணுமாக்கா? காலைல வயல்ல இருப்போம், நீ போய்த் தூங்கு."

விடிந்ததும் மாஸ்டரிடம் விளையாடிய பழைய பிள்ளைகள் ஒரு கூட்டமே வந்து இறங்கியது. ஷிப்டு முடித்து யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் சில பேர். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மீஞ்சூரிலிருந்து முதல் ரயிலில் பூமிகா. அரிவாளோடு குனிந்தவர்கள் நிமிரவே இல்லை. நைனா சும்மா வேலை வாங்கவில்லை என்பது ஈஸ்வரிக்கு அன்றுதான் உறைத்தது.

ஆனால் ஹாக்கிக்காரர்கள் ஒன்று சேர்ந்தால் அணி பிரிக்காமல் இருப்பார்களா? பூமிகா ஒரு பக்கம், விமல் ஒரு பக்கம் என்று பந்தயம் கட்டிவிட்டார்கள். வானம் கறுக்கக் கறுக்க வேகம் கூடியது. சாய்ந்த கதிர் வரப்பை மூடியிருந்தது. தலை நிமிராமல் அறுத்த விமல் கூட்டம் வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலில் பாதியை அறுத்துத் தள்ளிய பிறகுதான் ஈஸ்வரி பார்த்தாள்.

பக்கத்து வயல் துளசிராமனுடையது. பந்து போய் விழுந்து, அதைத் தேடிப் பிள்ளைகள் பயிரை மிதித்து, அவருக்கும் மாஸ்டருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. துக்கத்துக்கு வந்தபோதும் அவர் தெருமுனையில் நின்றுவிட்டுப் போய்விட்டார். இப்போது சொல்லாமல் கொள்ளாமல் அவர் பயிரிலேயே அரிவாள் வைத்தாயிற்று. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

யார் சொன்னார்களோ, சற்று நேரத்தில் அவரே வண்டியில் வந்து இறங்கினார். வயலில் அரிவாள்கள் நின்றன. ஈஸ்வரி முன்னால் போனாள்.

"மாமா, தெரியாம நடந்துபோச்சு. குனிஞ்ச வேகத்துல வரப்பப் பாக்கல. நான் இன்னா செய்யணும்னு சொல்லுங்க, செய்றேன்."

துளசிராமன் அறுத்துக் கிடந்த நெல்லைப் பார்த்தார். அப்புறம் வானத்தைப் பார்த்தார்.

"ஆள் தேடித் தேடி பேஜாராயி கெடக்கறேன், ஒருத்தனும் வர்ல" என்றார். "இன்னாத்துக்குப் பாதில நிறுத்திட்டீங்க? மீதிய யாரு அறுப்பா, எங்க அப்பனா?"

ஈஸ்வரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வயல் முழுக்கச் சிரிப்பு. விமல் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு அவரும் குனிந்தார்.

இரண்டு வயல் நெல்லும் களத்துக்குப் போய், தார்ப்பாயை இழுத்துக் கட்டியபோது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் மாஸ்டர் வீட்டுக்குள் ஓடினார்கள். துளசிராமன் மட்டும் வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றார்.

"உள்ள வாண்ணா" என்றாள் கங்கம்மா.

"இன்னா மூஞ்ச வச்சிக்கினு வருவேன்? கடேசி வரைக்கும் நான் அவன்கூடப் பேசலையேம்மா."

"அதான் அவரு பசங்க உன் நெல்ல அறுத்துட்டாங்களே. இதுக்கு மேல அவரு உன்கிட்ட இன்னா பேசணும்? வா, வந்து சாப்டு."

அவர் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு இலை போட்ட ஈஸ்வரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கார்த்திகையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சத்தமாகவே வந்தது. யாரும் அவளை அழாதே என்று சொல்லவில்லை.