கடந்தகாலம் உள்ள பெண்

அந்த வேடம் எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் ஆங்கில இலக்கியம் படித்தபோது, விக்டோரியா ராணியின் கடைசிக் காலத்து லண்டன் நகைச்சுவை நாடகம் ஒன்றிலிருந்து ஒரு காட்சியை வகுப்பாகச் சேர்ந்து மேடையேற்றினோம். அந்த வகை நாடகங்களில் ஓர் உத்தமி மனைவி இருப்பாள். ஊருக்கே தீர்ப்புச் சொல்வாள், ஒருத்தரும் அவளுக்குப் பயப்பட மாட்டார்கள். இன்னொருத்தி ‘கடந்தகாலம் உள்ள பெண்’. நல்ல வீடுகளில் அவளுக்கு இடமில்லை. ஆனால் அவள் கைப்பையில் யாரோ ஒரு பிரபுவின் பழைய கடிதங்கள் கிடக்கும். அவள் வந்து உட்கார்ந்தாலே ஆண்களுக்கு வியர்க்கும். அவர்களுக்கும் கடந்தகாலம் உண்டு, ஆனால் அதற்காக அவர்களை யாரும் வீட்டுக்கு வெளியே நிறுத்துவதில்லை. இதையெல்லாம் பன்னிரண்டு பக்கக் கட்டுரையாக எழுதியவள் நான்.

வேடம் கூடப் படித்த என் மச்சாளுக்கு, மாமி மகளுக்குப் போனது. என் கட்டுரையை வாங்கிப் பார்த்துப் பாஸானவளுக்கு. “அவளிடம் அந்தச் சிரிப்பு இருக்கிறது” என்றார் பேராசிரியை. எனக்கு உத்தமி மனைவி வேடம். வயிறு எரிந்தது.

சனிக்கிழமை நேரே மாமி வீட்டுக்குப் போனேன். மகள் ஒரு பையனோடு பஸ்ஸில் ஒரே சீட்டில் இருந்தாள் என்பதற்காக ஒரு கிழமை முழுக்க அவளோடு பேசாமல் இருந்தவர் மாமி. குசினியில் அடுப்புப் பக்கம் நின்று பலகாரத்துக்கு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார்.

“மாமி, மச்சாள் என்ன வேசம் எண்டு சொன்னவளோ?”

“ஏதோ இங்கிலீசு நாடகம் எண்டாள். ஏன் பிள்ளை?”

“கடந்தகாலம் இருக்கிற பொம்பிளையா நடிக்கிறாள்.”

மாமியின் கை நின்றது. “அவ எங்கத்தைய ஆள்?”

“வெளிநாட்டில இருந்து தனிய வாறா. நல்ல குடும்பங்கள் வீட்டுக்குள்ள எடுக்காதுகள். பழைய கடிதங்களைக் கைப்பையிலயே காவிக்கொண்டு திரியிறா.”

“காவத்தானே வேணும். நான் அகதியா அசூல் கேட்டு வந்த நேரம் கவர்மென்ட் குடுத்த கடிதம் ஒண்டும் இன்னும் எறியேல்லை. அகதி முகாமில மூண்டு வருசம், ஒரு சனமும் வீட்டை வா எண்டு கூப்பிடேல்லை.”

விஷயம் கை நழுவுவது புரிந்தது. “அதில்லை மாமி. அவ ஆம்பிளையளோட பழகினவ எண்டு கதை.”

“தனிய வந்த பொம்பிளையைப் பற்றிச் சனம் வேற என்னத்தைக் கதைக்கும்? என்னையும் கதைச்சவைதான்.” மாமி புறங்கையால் கண்ணைத் துடைத்தார். “பிள்ளை எங்கட கதையைத்தான் நடிக்கிறாள் என்ன.”

என் பன்னிரண்டு பக்கத்தில் இந்த ஒரு வரி இல்லை. அதுவும் எரிச்சல்தான்.

நாடகத்தன்று மாமி நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார். காட்சியின் முடிவில் மச்சாள் கை நீட்டுவாள், உத்தமி கை கொடுக்க மறுத்துத் திரும்பிக்கொள்வாள். திரும்பினேன்.

“பாத்தியளே, கையும் குடாமல் என்ன எடுப்பு எண்டு” என்று பக்கத்துப் பெண்ணிடம் மாமி சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

மச்சாள் நீட்டிய கையை இறக்காமல், ஒத்திகையில் நின்றதைவிட அதிக நேரம் நின்றாள். பிறகு சிரித்தாள். அரங்கமே கை தட்டியது.

பேராசிரியை என்னிடமும் வந்தார். என் வெறுப்பு அசலாக இருந்ததாம், எப்படிப் பயிற்சி செய்தாய் என்று கேட்டார். நன்றி என்று மட்டும் சொன்னேன்.