நந்திதுர்க்கில் அண்ணனின் ஸ்கூட்டர்

ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குக் காட்பாடியில் ரயில் ஏறி ஒன்பதரை மணிக்குப் பங்காருபேட்டையில் இறங்கினேன். வேலூரில் புழுங்கிக்கொண்டிருந்த எனக்கு அங்கே அடித்த குளிர்காற்றில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"நந்திதுர்க்கா மா? திரும்பி வர சவாரி கெடைக்காது. நானூறு குடுங்க" என்றார் ஆட்டோக்காரர். முந்நூற்றைம்பதுக்கு ஒப்புக்கொண்டார். கோலார் தங்கவயலுக்குள் பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டும்.

"யாரு வூட்டுக்குப் போறீங்க?"

"அண்ணன் வீடு. டேனியல்னு."

"ரயிலுக்கு டெய்லி விடியக்காலம் ஸ்கூட்டர்ல வருவாரே, அவரா? ரொம்ப நாளா ஆளையே காணோமே."

உடம்பு சரியில்லை என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மூடிப்போன சுரங்கத்தின் மண்மேடுகளிலிருந்து காற்று வெள்ளைத் தூசியைக் கிளப்பியபோது, கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஓட்டினார்.

அண்ணனுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வரும் நோய். அப்பா முப்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கினார். கடைசிவரை அவருக்கு இழுப்பு என்று ஒன்று வந்ததில்லை. பெங்களூரில் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதிய அண்ணனுக்கு இது வந்தது. நான் உள்ளே போனபோது ஜன்னலோரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணி ரோஸ்லின் ராபர்ட்சன்பேட்டையில் பள்ளி ஆபீசில் வேலை பார்க்கிறார். எனக்குச் சோறும் குழம்பும் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"இன்னா மா லில்லி, எளைச்சிட்டே" என்றார் அண்ணன். அவர் பாதியாகியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டுட்டு ஒரு வேலை செய்வியா? வண்டியைச் சரி பண்ணணும்" என்றார்.

வண்டி ஆறு மாதமாக வாசலில் நிற்கிறது. நடுவில் ஒரு மெக்கானிக் வந்து கார்புரேட்டரைக் கழுவி மாட்டியிருக்கிறான். அப்படியும் இஞ்சின் நிற்காமல் ஓடவில்லை. ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இஞ்சின் ஓடும் வேகத்தை, அந்த ஐடிலிங்கை, ஏற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

"அது சரி கெடயாது. ஸ்டார்ட் பண்ண ஒடனே வண்டி தானா முன்னாடி போவுது. ரோஸ்லின் ஒருநாள் ஏறிப் பாத்து பயந்துட்டா. செவுத்துல போய் இடிச்சிட்டா."

அப்போதுதான் யாருக்காகச் சரிசெய்யச் சொல்கிறார் என்று புரிந்தது. தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆக்சிஜன் ஓடும்போது அவர் வண்டிப்பக்கம் வரக்கூடாது, தீப்பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வண்டியைக் குறுகலான தெருவின் எதிர்ப்புறம் தள்ளி, புகை வீட்டுப்பக்கம் வராதபடி திருப்பி நிறுத்தினேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பக்கத்து மூடியைக் கழற்றினேன். அண்ணன் ஜன்னல் வழியாகச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். இஞ்சின் சூடாகும்வரை ஓடவிட்டு, ஐடிலிங் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். சத்தம் இறங்கி, திணறத் தொடங்கியது.

"இப்ப மிக்ஸ்சர் ஸ்க்ரூ. மெதுவா வெளிய திருப்பு. பெட்ரோல் கூடும், சத்தம் ஏறும். ஏறிக்கினே போயி, ஒரு எடத்துல எறங்கும். அங்கருந்து கொஞ்சம் பின்னாடி வா."

திருப்பிக்கொண்டிருந்தபோது உள்ளே மெஷினின் உறுமல் நின்றது.

"கரண்ட் போயிடுச்சா?"

"நான்தான் நிறுத்தினேன். ரெண்டும் ஒண்ணா கத்துனா ஒண்ணும் கேக்கல."

அவசரமாகத் திருப்பினேன். போதும் என்றார். மெஷினைப் போட்டுக்கொண்டு, "பேத்தமங்களா வரைக்கும் போய்ட்டு வா. ஏத்தத்துல அடைக்குதான்னு பாரு" என்றார்.

ஒன்பது கிலோமீட்டர். ஊரைத் தாண்டினால் ராகியும் தக்காளியும் போட்ட வயல்கள். பேத்தமங்களா ஏரியில் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது. கரையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசியபடி துணி அலசிக்கொண்டிருந்தார்கள். அண்ணனை ஒருமுறை இங்கே கூட்டிவர வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த உடனேயே, அது நடக்காது என்பதும் தெரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினேன்.

ஏற்றத்தில் இரண்டு முறை அடைத்தது. வந்து சொன்னேன். அண்ணன் மறுபடி மெஷினை நிறுத்தக் கையை நீட்டினார். அவர் உதடு ஏற்கெனவே கறுத்திருந்தது.

"அதைத் தொடாத அண்ணா. தொட்டா நான் ஸ்க்ரூட்ரைவரைக் கீழ போட்டுடுவேன்."

"சத்தம் கேக்க வேணாமா?"

"நான் கேக்கறேன். கேட்டுச் சொல்றேன்."

நீட்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

இஞ்சின்மேல் குனிந்து, காதைச் சாய்த்துக்கொண்டு திருப்பினேன். "ஏறுது அண்ணா. இன்னும் ஏறுது. இப்ப எறங்குது."

"கொஞ்சம் பின்னாடி."

கால் சுற்று பின்னால் வந்தேன். படபடப்பு அடங்கி, இஞ்சின் ஒரே சீராக ஓடியது. ஐடிலிங்கைக் குறைத்தும் நிற்கவில்லை. "நல்லா கீது" என்றேன், என்னையறியாமல் ஊர்ப்பேச்சில். அண்ணன் சிரிக்க முயன்றார். இருமல் வந்துவிட்டது.

ஐந்து மணிக்கு அண்ணி பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலில் பளபளவென்று துடைத்து நிறுத்திய வண்டியைப் பார்த்தார்.

"இனி முன்னாடி பாயாது. பட்டன் அமுக்கினா போதும். திங்கக்கெழமைலருந்து இதுல ஸ்கூலுக்குப் போ" என்றார் அண்ணன்.

"எனக்கு பஸ் கீது" என்று சொல்லிவிட்டு அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். விளக்கைக்கூடப் போடாமல், அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

மறுநாள் காலை ஆறேகால் மணி ரயில். அந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை. அண்ணன் சாவியை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். அண்ணி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். பின்னால் நான் ஏறிக்கொண்டேன். குளிர்காற்றில் மெதுவாகத்தான் ஓட்டினார். வண்டி ஒரு இடத்திலும் அடைக்கவில்லை.

பங்காருபேட்டை ஸ்டேஷன் வாசலில் இறங்கினேன். அண்ணி இஞ்சினை அணைக்காமல், ஹேண்டிலைப் பிடித்தபடி சொன்னார்: "இது நல்லா ஓடுச்சின்னு நான் போய்ச் சொன்னா அவரு நிம்மதி ஆயிடுவாரு லில்லி. அப்புறம் அவருக்கு இன்னா வேலை கீது? அதான் சொல்ல பயமா கீது."

ஹேண்டில்மேல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரயில் வந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

அண்ணி போய்ச் சொன்னாரா என்று நான் கேட்டதேயில்லை. செப்டம்பரில் அண்ணன் இறந்துபோனார்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு நான் போனபோது, பங்காருபேட்டையில் அண்ணி அந்த வண்டியோடு வந்து காத்திருந்தார். "உக்காரு" என்றார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் வண்டியை அணைத்துவிட்டு நின்றார்கள். அண்ணி அணைக்கவில்லை. ரயில் போய், கேட்டைத் தூக்கும்வரை நாங்கள் இருவரும் அந்த இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.