ஐந்தாவது கடவம்

ரத்னபாய் அக்காவைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். அவளை நடுச்சாலையில் விட்டுவிட்டுப் போன நால்வரில் நானும் ஒருத்தி.

ஐம்பத்து நாலாம் வருஷம். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் ஐந்து பெண்கள் தினமும் காலையில் மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, சுமந்துகொண்டு பாறசாலைச் சந்தைக்கு மூன்று மைல் நடப்போம். ஓலையில் முடைந்த பெரிய கூடையைக் கடவம் என்போம். கிழங்கு நிறைந்த கடவம் தலையில் ஏறிவிட்டால் பிறகு கவலையில்லை, கழுத்தும் காலும் பார்த்துக்கொள்ளும். தரையிலிருந்து அதை ஏற்றுவதுதான் பாடு. அதற்கு இன்னொருத்தி கை கொடுக்க வேண்டும்.

மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு எங்கள் ஊர் முக்கிலும் போலீஸ் வந்து நின்றது. கிழங்குக்கு அடியில் நோட்டீஸ் இருக்கிறதா என்று கடவத்தை இறக்கச் சொல்லிக் கிளறுவார்கள். ஒரு நாள் புதிதாக வந்த போலீஸ்காரர் எங்களை விரல்விட்டு எண்ணினார்.

“அஞ்சு பேர் கூடான் பாடில்ல,” என்றார் மலையாளத்தில். ஐந்து பேர் கூடக் கூடாதாம்.

கிழங்கு விற்கப் போகிறவர்களும் கூட்டமாம்! நாலு பேர் போகலாம், ஐந்தாவது ஆள் பிறகு தனியாக வரவேண்டும். யார் அந்த ஐந்தாவது என்று நாங்கள் கேட்கவில்லை. அவசர அவசரமாக ஒருவருக்கொருவர் ஏற்றிவிட்டு நடையைக் கட்டினோம். எங்களில் மூத்தவள், நாற்பத்தாறு வயதுக்காரி, ரத்னபாய் அக்காவின் கடவம் தரையிலேயே இருந்தது. பயத்தில் தோன்றவில்லை என்று இத்தனை நாள் சொல்லி வந்தேன். அது பொய். தோன்றியது, செய்யவில்லை.

போலீஸ்காரர் தொடவில்லை. வழியில் போன ஆண்களும் வம்பு வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சந்தை கலையும்வரை நின்றவள், கிழங்கைப் பாதி பாதியாக எடுத்து இரண்டு நடையில் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். பாதிக் கடவம் அவளால் தனியாக ஏற்ற முடிந்தது. ஆனால் பாதிக் கடவத்துக்கு மூன்று மைல் நடப்பது கட்டுப்படியாகாது.

“வயசாச்சில்லியா, இனி நிறுத்து,” என்றார் அவள் வீட்டுக்காரர் ஞானையன்.

“சந்தைக்குப் போகாம இருந்தா நான் செத்துப்போவேன் ஆக்கும்,” என்றாள் அக்கா.

மறுநாள் நான் கூப்பிடப் போனேன். உங்களுக்கு முதலில் ஏற்றிவிடுகிறோம், நீங்கள் முன்னால் போங்கள் என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கடவத்தில் கால்வாசிக்கு ஆற்று மணலை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அன்று தொடங்கியது. தரையிலிருந்து கால்முட்டுக்கு, முட்டிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தலைக்கு. காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நாலு சிரட்டை மணல் கூடுதலாகப் போடுவாள். இடையில் அம்மிக்குழவியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி இறக்குவாள். முதல் வாரம் தலைவாரக்கூடக் கை எழும்பவில்லை. “பயில்வானுக்கு எண்ண தேய்க்குறதுக்கா நான் கெட்டுனேன்?” என்று முணுமுணுத்துக்கொண்டே ஞானையன் தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டார். இரண்டாம் மாதம் ரவிக்கையின் கை தையல் விட்டது. தையல்கார மோகனன் அளவெடுத்துப் பார்த்து, “கையளவு மாறிப்போச்சே!” என்றானாம். அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாம் மாதம் ஒரு காலை, நிறைகடவத்தோடு எங்களுக்குப் பின்னால் முக்குக்கு வந்தாள். இறக்கச் சொன்னார்கள், கிளறினார்கள். நாங்கள் நாலு பேரும் சற்றுத் தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்த்தோம். கடவம் முட்டுக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. அங்கேயே நின்றது. பிறகு ஒரே மூச்சில் தலைக்குப் போனது.

“அம்மோ!” என்றார் போலீஸ்காரர்.

எங்களைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனாள். பிறகும் தனியாகத்தான் போய்வந்தாள்.

அடுத்த வருஷம் காவலை எடுத்துவிட்டார்கள். நான் அவள் முற்றத்தில் போய்க் கடவத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றேன்.

“அக்காவுக்குக் கோவம் உண்டா?”

“உண்டு. நல்லாவே உண்டு. அது இல்லேன்னா கடவம் முட்டுக்கு மேல வந்திருக்காது.”

என் கடவத்தைத் தனியாளாகவே எடுத்து என் தலையில் வைத்தாள். பிறகு தன்னுடையதற்குக் குனிந்தாள். நான் ஒரு கையை நீட்டினேன்.

“கை வேண்டாம் மக்கா. பேசிட்டு வா, அது போதும்.”

சந்தை வரும்வரை நான் வாயை மூடவே இல்லை.