திங்கட்கிழமை இருமல்

பஞ்சாலையில் பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் பகுதியின் மேஸ்திரி வேடிக்கையாகப் பேசுவார். திங்கட்கிழமைகளில் அவர் பேச்சு இன்னும் களைகட்டும். ஞாயிறு விடுமுறை முடிந்து எந்திரங்கள் ஓடத் தொடங்கியதும் பஞ்சுத் தூசி எழும்பும். மதியத்துக்குள் நாலைந்து பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவார்கள். செவ்வாயன்று குறையும். புதனன்று ஆளே மாறிவிடுவார்கள். வேலை செய்யப் பிடிக்காதவர்களின் நடிப்பு என்றே மேஸ்திரி நினைத்தார். அதற்குத் திங்கட்கிழமை இருமல் என்று பெயரும் வைத்தார். பெயர் ஆலையைத் தாண்டியது. பாத்திரம் கழுவச் சொன்னால் முனகும் பிள்ளைகளிடம், உனக்கும் திங்கட்கிழமை இருமலா என்று வீடுகளில் கேட்டார்கள்.

அதிகம் இருமியவன் மேஸ்திரியின் மைத்துனன், மனைவியின் தம்பி. தூசி இல்லாத பேக்கிங் பகுதிக்கு மாற்றச் சொல்லி அக்கா மூலம் கேட்டுப் பார்த்தான். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். நேர்மையானவன் என்று பெயர் வாங்க அடுத்தவன் நுரையீரலைப் பணயம் வைப்பதற்கு நம் ஊர்களில் ஆள் பஞ்சமே இல்லை. பிறகு மைத்துனன் கேட்பதை நிறுத்திவிட்டான். கேலி செய்தால் சேர்ந்து சிரித்தான்.

ஒருநாள் நெஞ்சு நோய் டாக்டரம்மா ஒருவர் ஆலைக்கு வந்தார். கேன்டீனில் மேசை போட்டார்கள். மேனேஜர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி ஆட்களை வரிசையாக அனுப்பினார். எந்தக் கிழமையில் நெஞ்சு இறுக்குகிறது என்று டாக்டர் ஒவ்வொருவரையும் கேட்டார். வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். கிழமையெல்லாம் இல்லை என்றார்கள். மைத்துனனும் அதையே சொன்னான்.

டாக்டர் பேனாவை மூடினார். "பஞ்சுத் தூசியால வர்ற நோய்னா, ஆரம்பத்துல லீவு முடிஞ்சு வர்ற அன்னைக்குத்தான் நெஞ்சு இறுக்கும். அப்பவே தூசியை விட்டு விலகிட்டா சரியாயிடும். இங்க யாரும் அப்படிச் சொல்லலையே. புகைபிடிக்கிறதால இருக்கலாம்."

மேனேஜர் வேகமாகத் தலையாட்டினார். தொழிலாளியின் கெட்ட பழக்கத்தால் கம்பெனிக்கு ஒரு செலவும் இல்லை.

மேஸ்திரி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். இப்போது வாயை மூடிக்கொண்டால் அத்தனை பேரும் நாளைக்கும் அதே தூசியில்தான் நிற்பார்கள்.

"திங்கட்கிழமைதாம்மா," என்றார். "எல்லாருக்குமே. நான்தான் பேரு வெச்சுக் கேலி பண்ணேன். அந்த வெக்கத்துல சொல்ல மாட்டேங்கிறாங்க."

மேனேஜர் முறைத்தார். டாக்டர் மைத்துனனைத் திரும்பக் கூப்பிட்டு, புதன்கிழமை சரியாகிவிடுமா என்று கேட்டார்.

"முன்னாடி சரியாகும் டாக்டர். இப்ப எந்தக் கிழமையும் சரியாகறதில்ல. நான் பொய் சொல்லலை."

டாக்டர் அவன் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய அறிக்கைக்குப் பிறகு இருமுகிறவர்களைக் கார்டிங்கிலிருந்து மாற்றினார்கள். மற்றவர்கள் மெல்லத் தேறினார்கள். மைத்துனன் பேக்கிங்குக்குப் போன முதல் திங்கட்கிழமை, மேஸ்திரி அவனுடைய சாப்பாட்டுக் கேரியரை வாங்கிக்கொண்டு கூடவே மாடிப்படி ஏறினார். பாதியில் அவன் கைப்பிடியைப் பிடித்து நின்றான்.

"என்ன மாமா, திங்கட்கிழமை அதுவுமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? ஏதாவது சொல்லுங்க, சிரிப்போம்."

மேஸ்திரி கேரியரைக் கை மாற்றிக்கொண்டார். அவன் தானே சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கும்வரை கேரியரை மார்போடு அணைத்தபடி ஒரு படி கீழே நின்றுகொண்டிருந்தார்.