மினிட் புத்தகத்தில் மூன்று கையெழுத்து

கிள்ளானில் நல்லம்மாள் டீச்சரைத் தெரிந்தவர்கள் அவரிடம் ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார்கள். "போனா போவுது, விட்டுடுங்க டீச்சர்" என்பதுதான் அது. புதிதாக மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி தெரியாமல் அப்படிச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்று அரை மணி நேரம் பதில் கேட்க வேண்டியதாயிற்று. எதையும் விட்டுப் பழக்கமில்லாத மனுஷி. விட்டிருந்தால் கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு பால்மரம் வெட்டிப் பால் சேகரித்துக்கொண்டு நின்றிருப்பார், அவ்வளவுதான்.

எட்டு வருஷம் தற்காலிக ஆசிரியை. பிறகு பயிற்சிக் கல்லூரி. அதன் பிறகு, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே, ஏழு வருஷம் தபாலில் படித்து பி.ஏ. அந்தப் பட்டம் கைக்கு வந்தபோது வயது நாற்பத்து மூன்று. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். தலைமையாசிரியர் பதவிக்கு இரண்டு முறை மனுப் போட்டு, இரண்டு முறையும் "மேல்பட்டம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை" என்று ஒரே வரியில் பதில் வாங்கியிருந்தார்.

1996-ன் கடைசியில் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் ஆஸ்திரேலியாவில் ஒன்றும் கைகோத்து, ஆசிரியர்களுக்கென்றே முதுகலைக் கல்விப் பட்டம் தருகின்றனவாம். வேலையை விட வேண்டாம், வகுப்புக்குப் போக வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டரில். பட்டத்தில் இரண்டு பல்கலைக்கழகத்தின் முத்திரையும் இருக்கும். நல்லம்மாள் அதை வெட்டி எடுத்து ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனார்.

"என்ன டீச்சர், பேரன் பேத்தி எடுக்கற வயசுல மாஸ்டரா? கம்ப்யூட்டர தொட்டுப் பாத்திருக்கீங்களா? சும்மா இருங்க லா" என்றார் தலைமையாசிரியர் தம்புசாமி. இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறவர்; அந்த நாற்காலிக்கு யார் வருவார்கள் என்பதில் அவருக்கும் ஓர் எண்ணம் இருந்தது.

"தொட்டதில்ல சார். தொட்டா கடிக்குமா?" என்று கேட்டுவிட்டு, மத்தியானமே மனுவைத் தபாலில் சேர்த்தார்.

கம்ப்யூட்டர் கடிக்கவில்லை, ஆனால் அது நல்லம்மாள் வீட்டில் இல்லை. தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் ரோட்டில் இருந்தது, மீனலோசனி டீச்சர் வீட்டில். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்தவர். இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த மீனலோசனியும் இதே படிப்பில் சேர்ந்திருந்தார். மூன்றாவது ஆள் செலாயாங்கிலிருந்து வந்த ரமணி. வயதில் சின்னவள், வாயில் பெரியவள். அறிமுகக் கூட்டத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்த மூவரும், சனிக்கிழமை தோறும் மீனலோசனி வீட்டில் சேர்ந்து படிப்பதென்று அன்றைக்கே முடிவு செய்தார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த கையேட்டிலும் "குழுவாகப் படிப்பது நல்லது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

நல்லம்மாள் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, பழைய ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்துப் போவார். ரமணி உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் கொண்டு வருவாள். மீனலோசனி பால் சேர்க்காத தே ஓ கலக்கி வைப்பார். பிறகு கம்ப்யூட்டரை டெலிபோன் லைனில் மாட்டுவார்கள். அது கீச்கீச்சென்று அலறும், கரகரக்கும், அப்புறம் செத்துப்போகும். பத்துத் தடவை டயல் செய்தால் ஒரு தடவை கிடைக்கும். கிடைத்த லைனை விடுவதாவது!

பாடத்தில் முக்கியமான ஒரு பகுதி, விவாதப் பலகை. கொடுத்த கேள்விக்கு ஒவ்வொரு மாணவரும் தன் கருத்தைக் கம்ப்யூட்டரில் எழுதிப் போட வேண்டும். முதல் சனிக்கிழமை நல்லம்மாளின் கடவுச்சொல் மட்டும்தான் வேலை செய்தது. மற்ற இருவருக்கும் ஒன்றரை மாதம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. நல்லம்மாளின் பெயரில் உள்ளே போவார்கள். மீனலோசனி தட்டுவார். "இது ரமணியின் கருத்து", "இது மீனலோசனியின் கருத்து" என்று தலைப்புப் போட்டு மூன்றையும் அடுத்தடுத்து ஏற்றுவார்கள். ஆளுக்கொரு முறை வெளியே வந்து மறுபடி டயல் செய்தால் பொழுது சாய்ந்துவிடும்.

இதில் தப்பு இருக்கிறது என்று மூவருக்கும் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? ஆசிரியர் கூட்டத்தில் இருபது பேர் பேசுவார்கள், ஒருவர் பேசியதையெல்லாம் மினிட்டாக எழுதுவார், கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். எழுதிய கை யாருடையது என்று இதுவரை எவராவது கேட்டதுண்டா? இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் மினிட் எழுதிய நல்லம்மாள் இங்கேயும் ஒரு நீளமான கோடுபோட்ட நோட்டை வாங்கி வைத்தார். தேதி, வந்திருந்தோர், யார் என்ன சொன்னார், எது ஏற்றப்பட்டது, எது லைன் அறுந்து போனது. கீழே மூன்று கையெழுத்து.

சண்டையும் அதில் இருந்தது. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வைப்பது வீண் என்பார் நல்லம்மாள். "அக்கா கனவு காணுது! மனப்பாடம் பண்ணாத பிள்ள கடையில போயி மிச்சம் வாங்கக் கூடத் தெரியாம நிக்கும்" என்று ரமணி பாய்வாள். "ரெண்டு பேரும் சத்தத்தைக் குறையுங்கோ, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கினம்" என்று மீனலோசனி சொல்லிக்கொண்டே இரண்டையும் அழகான ஆங்கிலத்தில் தட்டி ஏற்றுவார்.

முதல் மூன்று பருவத்துக்கு உள்ளூர்ப் பல்கலைக்கழகம் மதிப்பெண் போட்டது, பிரச்சினை இல்லை. நான்காவது, கடைசிப் பருவம் ஆஸ்திரேலியாவின் பொறுப்பு. 1998 நவம்பரில் மூவருக்கும் ஒரே மாதிரி கடிதம் வந்தது. ஒவ்வொருவரும் குறைந்தது பன்னிரண்டு கருத்து எழுதியிருக்க வேண்டும். நல்லம்மாளின் பெயரில் முப்பத்தாறு. மற்ற இருவர் பெயரிலும் ஒன்றுகூட இல்லை. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் தங்களுடையதென்று காட்ட முயன்றதாகச் சந்தேகம், விளக்கம் தேவை.

நல்லம்மாள் மறுநாளே உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். படிப்பின் ஒருங்கிணைப்பாளர் டாக்டர் சண்முகரத்தினம், மென்மையாகப் பேசுகிறவர்.

"சார், நீங்கதானே குழுவா படிக்கச் சொன்னீங்க?"

"சொன்னோம் டீச்சர். ஆனா விவாதப் பலகையோட விதி ஆஸ்திரேலியாக்காரங்க பக்கம். அத நாங்க தொட முடியாது."

"அவங்கள கேட்டா?"

"கையேடு எங்களோடதுன்னு சொல்வாங்க."

நல்லம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண் வீட்டார் தண்ணீர் வைப்பார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டார் வைப்பார்கள் என்று பெண் வீட்டாரும் நினைத்த கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்தவனுக்கு விக்கல் எடுத்த கதைதான்.

டாக்டர் ஒரு காகிதத்தைத் தள்ளினார். "ஒரு வழி இருக்கு. முப்பத்தாறும் நான் எழுதினதுதான்னு கையெழுத்துப் போட்டுடுங்க. உங்க பேர்ல இருக்கறது உங்களோடதுன்னு ஆயிடும். இந்த வருஷமே பட்டம் வந்துடும். தலைமையாசிரியர் பதவிக்கு மனுப் போட டிசம்பரோட கெடு முடியுதில்ல?"

"மத்த ரெண்டு பேரு?"

"அவங்க... மறுபடி படிக்கணும். திருடினாங்கன்னு கோப்புல ஏறும். வேற வழியில்ல. புதன்கிழமைக்குள்ள சொல்லுங்க. வியாழன் டெலிபோன்ல விசாரணை."

காகிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்த நல்லம்மாள், கொமுட்டரில் கிள்ளான் வருவதற்குள் அதை இரண்டு முறை எடுத்துப் படித்தார். ஆசை இல்லாமல் இல்லை. முப்பது வருஷ ஆசை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்ய வேண்டியதையெல்லாம் மனசுக்குள் எத்தனை தடவை செய்து முடித்திருக்கிறார்!

அன்று மாலை, டெலிபோனில் விஷயத்தைக் கேட்ட ரமணியே செலாயாங்கிலிருந்து கிள்ளானுக்கு வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"கையெழுத்துப் போட்டுடுங்க அக்கா. ஒருத்தராவது கரை ஏறலாம். எனக்கு வயசு இருக்கு, அப்புறம் படிச்சுக்கிறேன். மீனா டீச்சரும் அதான் சொல்றாங்க."

"வாய மூடு" என்றார் நல்லம்மாள். "ஒன்னோட மூள என்னோடதுன்னு நான் எழுதிக் குடுக்கணுமா? வெக்கமா இல்ல? எத்தன சனிக்கிழமை என்கூட மல்லுக்கு நின்ன! அதெல்லாம் நானே பேசினேன்னு சொல்லணுமா?"

ரமணி அழுதுவிட்டாள். நல்லம்மாள் அவளுக்குச் சோறு போட்டு, பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் மினிட் நோட்டைப் பிரித்து எண்ணினார். ரமணி பதின்மூன்று. மீனலோசனி பதின்மூன்று. நல்லம்மாள் பத்து. மறுபடி எண்ணினார். பத்துதான். மூன்று சனிக்கிழமைகளில், தன் முறை வருவதற்குள் லைன் அறுந்திருந்தது. "சின்னப் பொண்ணு மொதல்ல போடட்டும்" என்று எப்போதும் கடைசியாக நின்றவர் அவர்தான்.

போர்ட் கிள்ளானில் பாரந்தூக்கி ஓட்டும் கணவர் விஜயன், காலை ஷிப்ட் முடிந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். "இந்த நோட்ட குடுத்தா அவங்க ரெண்டு பேரும் பாஸ். நீ பெயிலு. அப்படித்தானே?"

"ஆமா."

"ரெண்டு வரி சேத்து எழுதிடேன். யாருக்குத் தெரியப் போவுது?"

நல்லம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில், விஜயன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை டாக்டருக்கு டெலிபோன் செய்து, கையெழுத்துப் போட முடியாது என்று ஒரே வரியில் சொல்லி வைத்தார்.

வியாழக்கிழமை மேசை நடுவே ஒலிபெருக்கி டெலிபோன். அந்தப் பக்கம் ஆஸ்திரேலியப் பேராசிரியை. இந்தப் பக்கம் டாக்டர் சண்முகரத்தினமும் மூன்று டீச்சர்களும். நல்லம்மாள் நோட்டை மேசையில் வைத்தார். டாக்டர் புரட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னாடி எழுதினதுன்னு அவங்க சொல்லலாமே" என்றார்.

அப்போதுதான் நல்லம்மாள் டெலிபோனைத் தன் பக்கம் இழுத்தார். அவருடைய ஆங்கிலம் மீனலோசனியுடையதைப் போல வழுக்கிக்கொண்டு போகாது. கல்லு கல்லாக விழும். அன்றைக்கு அப்படியே விழுந்தது.

"மேடம், உங்க முன்னாடி அந்த முப்பத்தாறும் இருக்கா? ஆகஸ்டு எட்டாம் தேதி போட்டத எடுங்க. அன்னிக்கு மொதல்ல ஏறின ரமணியோட கருத்து. முதல் வரிய சத்தமா படிங்க."

காகிதம் புரளும் சத்தம். பிறகு அந்த அம்மாள் படித்தார்: "நல்லம்மாள் சொல்வது முழுக்கத் தவறு. அவர் பல வருஷமாக நல்ல மாணவர்களை மட்டுமே பார்த்துக் கெட்டுப்போயிருக்கிறார்."

"அந்த மாதிரி பதினோரு எடம் இருக்கு மேடம். எல்லாத்தையும் நானே எழுதியிருந்தா, உக்காந்து என்னையே இப்படித் திட்டிக்குவேனா? எனக்கென்ன பைத்தியமா? நான் வெளியே போறேன். அவங்க ரெண்டு பேரையும் தனித்தனியா கேளுங்க. அவங்கவங்க கருத்த அவங்கவங்க காப்பாத்தட்டும்."

மறுமுனையில் மறுபடி காகிதம் புரண்டது. பிறகு பேராசிரியை, "முதலில் ரமணியைக் கேட்கிறேன்" என்றார். நல்லம்மாள் எழுந்து வெளியே போய் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். கையில் நோட்டு. "ரெண்டு பேரும் பாஸ் டீச்சர். ரமணி அந்தப் பேராசிரியையவே ஒரு பிடி பிடிச்சுட்டா." சிரிக்கப் பார்த்து, முடியாமல் நிறுத்தினார். "நோட்டுல இருக்கறபடியே கருத்துகள பிரிக்கறாங்க. அப்படிப் பாத்தா உங்களுக்கு... பத்துதான் வருது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். எண்ணிட்டுத்தான் வந்தேன்."

"இந்தப் பருவத்த மறுபடி படிக்கணும். இந்த வருஷம் பட்டம் வராது. அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டிருந்தா..."

"சார்," என்றார் நல்லம்மாள், எழுந்து நின்று. "ஜனவரி சேர்க்கை பாரம் ஒண்ணு குடுங்க."

தம்புசாமியின் நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். முதல் நாளே ஆசிரியர் அறையில் யாரோ ஆறுதலாக, "போனா போவுது, விட்..." என்று தொடங்கி, நல்லம்மாள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

1999 ஜனவரி மாதத்து முதல் சனிக்கிழமை அவர் ஸ்காட் ரோட்டுக்குத் தனியாகப் படிக்கப் போனார். கதவைத் திறந்தால், உள்ளே கறிபாப் வாசனை. பட்டம் வாங்கியாயிற்று, இனி அங்கே வேலையில்லாத ரமணி, கம்ப்யூட்டர் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். மீனலோசனி டயல் செய்துகொண்டிருந்தார்.

"நீ ஏன்டி வந்த?"

"நீங்க பாட்டுக்குத் தப்புத் தப்பா எழுதி அனுப்பிடுவீங்க. யாராவது எதுத்துப் பேச வேணாமா?"

ஏழாவது தடவை லைன் கிடைத்தது. நல்லம்மாள் தன் கருத்தைத் தானே, இரண்டு விரலால் தட்டினார். முடித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு கீழே இன்னொரு பத்தி சேர்த்தார்: "மேலே உள்ளது முழுக்கத் தவறு என்று ரமணி சொல்கிறார். அவர் இப்போது இந்தப் படிப்பில் மாணவர் இல்லை. விதிப்படி அவர் கருத்துக்கு இங்கே இடமும் இல்லை. ஆனாலும் அவர் பெயரோடு பதிவு செய்கிறேன்."

"அக்கா, மறுபடி கடிதாசி வரும்" என்றாள் ரமணி.

"வரட்டும்" என்று நல்லம்மாள் அனுப்பும் பட்டனை அழுத்தினார். பிறகு கைப்பையிலிருந்து புது நோட்டை எடுத்து, தேதி போட்டு, வந்திருந்தோர் மூவர் என்று எழுதி, கையெழுத்துக்காக ரமணி பக்கம் தள்ளினார்.