மதலேனாளின் பல்செட்டு

மேல்வரிசையை முடித்துவிட்டுக் கீழ்வரிசைக்கு வந்துவிட்டார் ஆரோக்கியதாஸ். பிரஷ்ஷைக் குறுக்கே இழுப்பதில்லை. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு பல்லுக்கும் நாலு தேய்ப்பு. கடைவாய் வந்ததும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெயில் பக்கம் திருப்பி உள்ளே பார்க்கிறார். பல் அவர் வாயில் இல்லை, இடது உள்ளங்கையில் இருக்கிறது. அது அவர் மனைவி மதலேனாளுடைய பல்செட்டு. அந்தம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

ஒடுகத்தூர் கடைத்தெருவில் அவருடையது புளி மண்டி. எதிர்ச்சாரியில் என் ஜெராக்ஸ் கடை. ஏழரை மணிக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போது, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கியிருப்பார். பக்கத்துக் கடையில் டீ வாங்கிய வெளியூர்க்காரர்கள் இந்தக் காட்சியைப் பார்த்து, பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறிப் போனதுண்டு. டீக்கடைக்காரர் கெஞ்சியும் பார்த்தார், திட்டியும் பார்த்தார். ஆரோக்கியதாஸ் ஸ்டூலை அரை அடிகூட நகர்த்தவில்லை.

இத்தனைக்கும் எழுபத்துநாலு வயதில் அவருக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல். மலையிலிருந்து வருகிற சரக்கில் ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கடைவாயில் போட்டு உடைப்பார். சத்தத்தை வைத்தே சரக்கு காய்ந்ததா, எடைக்காகத் தண்ணீர் தெளித்ததா என்று சொல்லிவிடுவார். "ஈரம் கீதும்மா. எனுக்கே தண்ணி காட்றியா?" என்பார். எதிரில் நிற்பவர்கள் தலையைச் சொறிவார்கள்.

ஜீப்பில் மூட்டையோடு இறங்குகிற மலைக்காரப் பெண் பச்சையம்மா யாருக்கும் தலையைச் சொறிகிறவள் அல்ல. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"செத்துப்போனவங்க பல்லு உனுக்கு எதுக்குணா?"

"எனுக்கு இல்லம்மா, அவளுக்கு. எழுந்துக்கும்போது வேணுமில்ல?"

"யாரு, அக்காவா? எப்போ எழுந்துக்குவாங்க?"

"அது யாருக்கும் தெரியாது. எக்காளம் ஊதுவாங்க. மண்ணுல கீற அத்தினி பேரும் எழுந்து வருவாங்க. எங்க வேதத்துல அப்டிதான்."

"என்னிக்குன்னே தெரியாத நாளுக்கா தெனிக்கும் வெளக்கிக்கினு கீற?"

"தெரிஞ்சா மொத நாளு வெளக்கினா போதுமே. தெரியாததனாலதான் தெனிக்கும் வெளக்கறேன்."

பச்சையம்மா யோசித்துப் பார்த்து, "அதுவும் சரிதான்" என்று மூட்டையை அவிழ்த்தாள். விழித்திருங்கள் என்று முப்பது வருஷமாகப் பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த ஊரில் உண்டு. அவர்கள் யாரும் ஆளை இப்படி மடக்கி உட்கார வைத்ததை நான் பார்த்ததில்லை.

உயிர்த்தெழும் நாளைப்பற்றி ஆரோக்கியதாஸுக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. ஏற்பாடுகளைப்பற்றித்தான் கவலை. கல்லறைத் தோட்டத்துக்கு ஒரே கேட், அதிலும் ஒரு கதவு துருப்பிடித்துத் திறப்பதில்லை. "நூறு வருசத்து ஜனம் ஒரே நேரத்துல எழுந்தா, அந்த சந்துல எப்டிங்க வெளிய வர்றது? வயசானவங்க கீறாங்க, கொழந்தைங்க கீது" என்று கோயில் நிர்வாகம் பேசுகிற பங்குப் பேரவையில் எழுந்து கேட்டார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆனால் அடுத்த மாதமே கதவுக்கு எண்ணெய் விட்டார்கள். வசதியுள்ளவர்கள் அப்பா அம்மா கல்லறைமீது மூன்றாள் கனத்துக்குக் கிரானைட் பலகையைப் பதிக்கிறார்களே, அவர்கள்மீதும் அவருக்குக் கோபம். "எழுந்து வந்து சொத்தக் கேட்டுடப் போறாங்கன்னு பயம். அதான் பாறய வெச்சி அமுக்கறானுங்க" என்பார். மதலேனாளின் கல்லறையில் வெறும் மண்மேடும் சிலுவையும்தான். அவள் தோளால் ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

பல்செட்டு எப்படி வீட்டில் தங்கிப்போனது என்பதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தம்மாவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ் செட்டைக் கழற்றி இவர் கையில் கொடுத்தார். இவர் அதை வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். நாலாம் நாள் ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது. பெண்கள் பட்டுப்புடவை கேட்டார்கள், கொடுத்தார். ஜெபமாலை கேட்டார்கள், கொடுத்தார். பல்லை யாரும் கேட்கவில்லை. பெட்டியை மூடும்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறார். கன்னம் ஒட்டி, வாய் உள்ளே போய், வேறு யாரோ ஒரு பொம்பளை படுத்திருக்கிற மாதிரி இருந்ததாம்.

"வாய் வரிக்கும் வந்துச்சி தம்பி. ஊரே நிக்குது. சாமி ஜெபம் சொல்லிக்கினு கீறாரு. நிறுத்துங்க, வூட்டுக்குப் போய் பல்லு எடுத்துக்கினு வர்றேன்னு எப்டி சொல்றது? வெக்கமா பூடுச்சி. வெக்கப்பட்டுக்கினே பொதைச்சிட்டேன்."

ஐம்பது வயதான என்னைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். இந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, கோணி மடிக்க உள்ளே போய்விடுவார். எனக்கும் பாவமாக இருக்கும். அடக்கத்தன்று நானும்தான் அங்கே நின்றேன். ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

மதலேனாள் சாதாரணப் பெண்மணி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல் போன பிறகு ஒன்றரை வருஷம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, வீட்டைவிட்டே வெளியே வராமல் கிடந்தாள். செட்டு வந்த மறுநாள் முறுக்கு வாங்கிவரச் சொல்லித் தெருவே கேட்கக் கடித்தாள். அன்றிலிருந்து கோயிலில் முதல் பெஞ்சு, கடையில் கல்லாப்பெட்டி, புருஷனுக்குத் தினம் நாலு ஏச்சு. அப்படிப்பட்டவள் எக்காளம் கேட்டு எழுந்து உட்கார்ந்ததும் முதலில் வாயைத்தான் தொட்டுப் பார்ப்பாள். அடுத்ததாக யாரைக் கூப்பிடுவாள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அவர் தன் சாவை நம்பியிருந்தார். 'நான் செத்தா அதே குழியில வெச்சி, என் சட்டைப்பையில பல்செட்ட போட்டுடு' என்று மகன் பிரவின்ராஜிடம் சொல்லியிருந்தார். அவன் ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். "சரிப்பா, சரிப்பா" என்பான், கண் போனில் இருக்கும். "அம்மா சாவுல எல்லாத்தயும் பார்த்துக்கறேன்னு முன்னாடி நின்னவன் இவன்தான். என் சாவுல மட்டும் ஞாபகம் வெச்சிக்குவானா?" என்று ஒருநாள் என்னிடம் பொரிந்தார். அதன் பிறகுதான், கல்லறையைத் தோண்டிப் பல்செட்டை உள்ளே வைக்க அனுமதி கேட்டு மனு.

மனுவை அடித்துக் கொடுத்தவன் நான். 'பொருள்: அடக்கத்தில் விடுபட்ட பொருளை உரியவரிடம் சேர்ப்பித்தல் தொடர்பாக' என்று தலைப்புக் கொடுத்தேன். அவருக்கு ரொம்பத் திருப்தி. பாதிரியாரான பங்குச்சாமி இளவயதுக்காரர், நல்லவர். படித்துவிட்டு, "ஐயா, உயிர்த்தெழுகிற உடம்பு மகிமையான உடம்பு. அதுக்குப் பல்செட்டெல்லாம் தேவைப்படாது" என்றிருக்கிறார். "தேவைப்படலேன்னா தூக்கிப் போட்டுடட்டும் சாமி. தேவைப்பட்டு இல்லேன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டிருக்கிறார் இவர். சாமி விவகாரத்தைப் பேரவைக்குத் தள்ளிவிட்டார்.

பேரவை மூன்று முறை கூடியது. முதல் கூட்டத்தில் சிரித்தார்கள். இரண்டாவது கூட்டத்துக்குள் ஊருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒருத்தர் தன் அப்பாவை மூக்குக்கண்ணாடி இல்லாமல் புதைத்துவிட்டோமே, ஆண்டவரை அவர் எப்படிப் பார்ப்பார் என்று கலங்கினார். இன்னொருத்தர் அண்ணனுக்குக் காது மெஷின். எக்காளமே கேட்காதே! மாமியார் கல்லறைக்கு இருபது வருஷமாக ஒரு மெழுகுவர்த்திகூடக் கொண்டுபோகாத மருமகள், மாமியாரின் இடுப்பு பெல்ட்டோடு என் கடை வாசலில் வந்து நின்றாள். ஒரே வாரத்தில் ஒன்பது மனு அடித்தேன். தலைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், பொருள்தான் வேறு.

சிக்கலைத் தீர்த்துவைக்க உபதேசியார் வெற்றிச்செல்வன் வந்தார். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். எதற்கும் கையில் ஒரு பதில் வைத்திருப்பார். புளி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, எத்தனை வயசுல செத்தாலும் எல்லாரும் முப்பத்திமூணு வயசுலதான் எழுந்திருப்பாங்க. ஆண்டவர் உயிர்த்த வயசு அது. பெரியவங்க சொல்லிவெச்சிருக்காங்க. முப்பத்திமூணுல அக்காவுக்குப் பல்லு இருந்துச்சா இல்லையா?" என்றார்.

"இருந்துச்சி. மல்லிமொக்கு மாரி இருந்துச்சி."

"அப்புறம் என்ன? விஷயம் முடிஞ்சுது."

ஆரோக்கியதாஸின் முகம் தொங்கிப்போயிற்று.  "முப்பத்திமூணுல அவுளுக்கு என்னைக் கண்டாலே ஆவாது உபதேசியாரே. நான் குடிச்சிக்கினு இருந்தேன் அப்போ. ரெண்டு வருசம் என்னாண்ட பேச்சே கெடையாது. அந்த வயசுல எழுந்தான்னா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா, நேரா அவ அம்மா வூட்டுக்குப் போய்டுவா. அறுபதுக்கு மேலதான் எங்குளுக்கு ஒத்துப்போச்சி. எனுக்கு அந்த மதலேனாள்தான் வேணும், பல்செட்டு போட்ட மதலேனாள்."

 வெற்றிச்செல்வன் சட்டையில் ஒட்டிய புளியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார். போனவர் நேராகச் சாமியிடம் போய், கொடுத்துவிடலாம் என்று சிபாரிசு செய்திருக்கிறார். மூன்றாவது கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஒன்றரை அடிக்கு மேல் தோண்டக் கூடாது. ஒருவருக்கு ஒரு பொருள்தான். மின்சாரம், பேட்டரி சம்பந்தப்பட்டவை கூடாது. ஒன்றரை அடியில் வைத்தால் பெட்டிக்குள் இருப்பவருக்கு எப்படிக் கிடைக்கும் என்று ஒரு உறுப்பினர் கேட்டதற்கு, "மேல வர்ற வழியில எடுத்துக்குவாங்க" என்று உபதேசியார் விளக்கம் சொன்னார். அதுவும் மினிட்ஸ் நோட்டில் ஏறியிருக்கிறது.

போன நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். தூறல். சுண்ணாம்பு அடித்த சிலுவைகள், சாமந்தி மாலைகள், அணைந்து அணைந்து எரிகிற மெழுகுவர்த்திகள். மற்ற மனுதாரர்கள் ஒன்பது பேரும் கண்ணாடி, கைத்தடி, பெல்ட் சகிதம் வரிசையில் நின்றார்கள். காது மெஷின்காரர், பேட்டரியைக் கழற்றிவிட்டதாகச் சாமியிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தார். ஆரோக்கியதாஸுக்குத்தான் முதல் இடம். கடப்பாரையை யாரிடமும் கொடுக்காமல் தானே தோண்டினார். மகன் வீடியோ எடுத்தான். சாமி ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார்.

எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, செட்டை எடுத்துக் குழிக்குள் வைத்தார். வாய் மேலே பார்த்தபடி வைத்தார். ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டார்.

"அவ்வளவுதான் ஐயா. மண்ணைப் போடுங்க. நாளையிலேர்ந்து காலையில இதை விளக்குற கவலையே உங்களுக்கு இல்லை, நிம்மதியா இருக்கலாம்" என்று சாமி அவர் தோளைத் தொட்டார்.

நாளையிலிருந்து என்றதும் பிடித்த மண்ணோடு கை அப்படியே நின்றது. தூறல் வலுத்தது. பின்னால் கைத்தடிக்காரர் செருமினார். மகன், "போடுப்பா" என்றான். ஆரோக்கியதாஸ் கையிலிருந்த மண்ணைப் பக்கவாட்டில் உதறினார். குழிக்குள் குனிந்து செட்டை எடுத்தார்.

"என்னய்யா, என்ன ஆச்சு?" என்றார் சாமி.

"அவளே எழுந்து வந்து என்னாண்ட கேக்கட்டும் சாமி. குடுக்கறேன்" என்றார். பல் இடுக்கில் ஏறிய மண்ணை நகத்தால் நிமிண்டி, வாயால் ஊதி, சட்டைப்பையில் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டார்.