முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம்

தொலைபேசி அடித்தது. முதலாளி எடுத்தார். மறுமுனையில் யாரோ “மழை வருது” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். வெளியே கொளுத்தும் வெயில். புதுக்குடியிருப்புக் கடைக்காரர்களுக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தொழிலாளர் பதிவைச் சோதிக்கும் தொழில் அலுவலர் வந்துவிட்டார், பதிவில்லாத வேலையாட்களை ஒளித்து வையுங்கள். எங்கள் புடவைக் கடையில் வேலை செய்த ஐந்து பேரில் ஒருவருக்கும் நியமனக் கடிதமோ ஓய்வுக்காலத்துக்கான சேமலாப நிதியோ இல்லை. முதலாளியை மட்டும் குறை சொல்லி நான் நல்லபிள்ளை ஆக முடியாது. பெயர் பதிந்தால் வீட்டுக்கு வரும் அரசாங்க உதவி நின்றுவிடும் என்று நாங்களும் சந்தோஷமாகத்தான் ஓடினோம். பின்கதவால் போய், முள்ளுக்கம்பி வேலிக்குள் பூந்து, அடுத்த வீட்டு வளவு மாமரத்தடியில் நின்று சிரித்துக்கொண்டிருப்போம்.

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாத வயிறு. கம்பிக்குள் குனியவே முடியவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் போனால் வேறு ஆள் எடுப்பேன் என்று முதலாளி முன்னமே சொல்லியிருந்தார். எனக்கு முன் ஒருத்தி அப்படித்தான் போனாள். கணவருக்கு நிரந்தர வேலை இல்லாத எனக்கு அந்த வேலைதான் எல்லாம். வேலியடியில் நின்று அழுதேன். மற்ற மூவரும் வேலியைத் தாண்டிவிட்டார்கள். கடைசியாக வந்த காசாளர் அக்கா என்னைப் பார்த்தார். கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்து, கடை நடுவில் கதிரை போட்டு இருத்தினார்.

“இவா ஆர்?” என்று அலுவலர் கேட்டார்.

“மச்சாளின்ர மகள், சேர். சும்மா வந்தவ,” என்றார் முதலாளி.

“இல்லை சேர்,” என்றார் அக்கா. “இவா இஞ்ச நாலு வருஷமா வேலை செய்யிறா. நான் ஏழு வருஷம். இன்னும் மூண்டு பேர் வேலிக்கு அங்கால நிக்கினம். கூப்பிடட்டோ?”

வாடிக்கையாளரிடம் கூட அதிர்ந்து பேசாத மனுசி! தன் வேலையும் போகும் என்று தெரிந்தும் சொன்னார். அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரும். முதலாளி ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. ஆனால், அலுவலர் கொடுத்த தவணைக்குள் எங்கள் எல்லோருக்கும் நியமனக் கடிதம் வந்தது, சேமலாப நிதிக்குப் பெயர் போனது. உதவி நின்றுவிடும் என்று முணுமுணுத்தவர்களுக்கு, “என்ர பேரை மறைச்சு வாழ எனக்கு ஏலாது,” என்று சொல்லிவிட்டு அக்கா முதல் ஆளாகக் கையொப்பம் வைத்தார். இன்று அதே கடையில் வேலை செய்யும் பெண்பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் பிரசவ விடுமுறையில் போய் வருகிறார்கள். அதில் என்ன புதினம் என்று அவர்கள் கேட்பதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

முதன்முதலில் அப்படிப் போய் வந்தவள் நான்தான். விடுமுறை முடிந்து கடைப் படியேறும்போதே உள்ளே எட்டிப் பார்த்தேன். சட்டம் கடிதத்தில் இருக்கலாம், என் இடத்தில் யார் நிற்கிறார்களோ? அக்கா வரவு இடாப்பை விரித்து என் பக்கம் திருப்பினார். நான் வராத ஒவ்வொரு நாளுக்கும், என் பெயருக்கு நேரே, அவருடைய கையெழுத்தில் ‘விடுமுறை’ என்றிருந்தது. ஒரு நாள்கூட விடுபடவில்லை.

“உன்ர பேரை வெட்டச் சொன்னனான், இவா கேக்கேல்ல,” என்று முதலாளி உள்ளே இருந்து முணுமுணுத்தார்.

அக்கா பேனையை நீட்டினார்.

“இண்டைக்கு நீயே போடு.”